மேனேஜர் நாற்காலி

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழைகளும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதியது என்று பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதே கையெழுத்தை மேஜைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகப் படிக்கப் பார்த்து, முடியாமல், பி.எட். முடித்தவர்கள் எத்தனையோ பேர் வியர்த்துப் போயிருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பழவங்காடியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் சிறிய நிலையம் இருக்கிறது. நடத்துகிறவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வலியசாலைக்காரர். துணைக்கு, இங்கிலீஷ் டீச்சராக இருந்த ஒரு மேடம். கதவு திறப்பது, பெருக்குவது, சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுத்து இடது மூலையில் பின் அடிப்பது, கீழே போய் சாயா வாங்கி வருவது என் வேலை. அதற்கு முன்னால் இருபது வருடம் ஹோட்டலில் சப்ளையராக இருந்தேன். எனக்குக் கூச்சம் அதிகம். ஹோட்டலில் காலையிலிருந்து இரவு வரை "சாயாவா, காப்பியா?" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசாமல் கழித்த நாட்கள் உண்டு.

சனிக்கிழமைதோறும் மாதிரி நேர்முகத் தேர்வு நடக்கும். மேஜைக்குப் பின்னால் மூன்று நாற்காலிகள். சார் தலைமை ஆசிரியராகவும் மேடம் பாட நிபுணராகவும் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். மூன்றாவது நாற்காலி மேனேஜருக்கு. தனியார் பள்ளிகளில் அப்படி ஒருவர் இருப்பார். பள்ளி அவர் குடும்பத்தினுடையதாக இருக்கும். பெரும்பாலும் வாயே திறக்க மாட்டாராம். சார் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது: "கேள்வி கேக்கறவாளைப் பார்த்து பதில் சொல்லுங்கோ. ஆனா வாயே திறக்காம, மிண்டாம இருக்கான் பாருங்கோ, அவன்தான் தீர்மானிக்கறவன். அவனை மறந்துடாதேங்கோ."

மேனேஜராக உட்கார்ந்துகொண்டிருந்தவர் ஒரு பழைய கிளார்க். அவர் கண் ஆபரேஷனுக்குப் போய்விட்டார். அந்தச் சனிக்கிழமை காலையில் சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஓய், இன்னிக்கு நீர்தான் மேனேஜர்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதே சார்."

"தெரியப்படாது. தெரிஞ்சா வாயைத் திறந்துடுவீர். மிண்டாம இருந்தா மதி, போறும். அதை உம்மை விட நன்னா யாரு செய்வா?"

சாருடைய வெள்ளைச் சட்டையும் இரட்டை வேட்டியும் எனக்குச் சரியாக இருந்தன. மேடம் தன் பையிலிருந்த கோயில் சந்தனத்தை நெற்றியில் வைத்துவிட்டார். கையில் ஒரு பேனா, முன்னால் ஒரு தாள்.

முதலில் ஒரு கணக்கு டீச்சர் வந்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்தார், கைப்பையை மேஜைமேல் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார், எல்லாம் சார் சொன்னபடி. அவரைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் நான் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தேன். பிறகு சும்மா இருக்க முடியாமல், பதினொரு மணிக்கு வாங்க வேண்டியதை எழுதினேன். சாயா மூன்று. பழம்பொரி இரண்டு. சாருக்குச் சீனி இல்லாமல். கணக்கு டீச்சர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அத்தோடு ஒன்பதாம் வாய்ப்பாடு அவருக்கு மறந்துபோனது.

"கலக்கிட்டீர்!" என்றார் சார். கிளார்க் கண் சரியாகித் திரும்பி வந்தபோது, நாற்காலி அவருக்குக் கிடைக்கவில்லை.

நான் யார் என்று சார் ஒருபோதும் சொன்னதில்லை. சொல்லாததை அவர்களே சொல்லிக்கொண்டார்கள். நெய்யாற்றின்கரைப் பக்கம் எனக்கு மூன்று பள்ளிகள் இருந்தன. பிறகு ஒரு ரப்பர் தோட்டமும் சேர்ந்தது. ஒரு நாள் நான் துடைப்பத்தோடு படியில் நின்றிருந்தபோது இரண்டு பேர் சீக்கிரமே வந்துவிட்டார்கள். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். ஒருவர் மற்றவரிடம் மெதுவாகச் சொன்னார்: "கண்டோ, எவ்வளவு பெரிய ஆளு, தானே பெருக்குறாரு." அடுத்த சனிக்கிழமை அந்த இருவரும் நேர்முகத் தேர்வில், எளிமைதான் ஆசிரியருக்கு முதல் தகுதி என்று என்னைப் பார்த்துச் சொன்னார்கள்.

காட்டாக்கடையிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா ஆட்டோவில் பலாப்பழம் கொண்டுவந்தார். "மோளோட காரியம் மனசுல வெச்சுக்கணும்" என்று என் காலடியில் வைத்தார். எனக்கு வேண்டும் என்றும் சொல்ல வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. நான் பேசாமல் நின்றது அவருக்குப் பெரிய திருப்தி. பழத்தைச் சாரிடம் கொண்டுபோய், நான் யாரென்று அந்த அப்பாவிடம் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். சார் பழத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சுளை கெட்டியா இருக்கற வரிக்கையா, குழைஞ்ச கூழையா?" என்று மட்டும் கேட்டார்.

இப்படியே போயிருந்தால் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். அப்போதுதான் கரமனையிலிருந்து ஒரு தமிழ் டீச்சர் வந்தார்.

அவர் ஒரு துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலையில் இருந்தார். தமிழில் பி.எட். ஏற்கெனவே ஆறு நேர்முகத் தேர்வுகளில் தோற்றிருந்தார். அடுத்த வருடம் விண்ணப்பிக்க அவர் வயது இடம் கொடுக்காது. நகரத்தில் தமிழ்ப் பிரிவு உள்ள ஒரு பள்ளியில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அதுதான் கடைசி.

சார் கேட்டதற்கும் மேடம் கேட்டதற்கும் அவர் பதில் சொல்வதைக் கேட்க ஆசையாக இருக்கும். வீட்டில் மலையாளமும் தெருவில் மலையாளமுமாக வளரும் குழந்தைக்குத் தமிழ் வாசிக்க எப்படிச் சொல்லித்தருவீர்கள் என்று கேட்டால், பஸ்ஸின் நெற்றியிலிருந்தும் கடைப் பலகையிலிருந்தும் தொடங்குவேன் என்பார். நான்கூட அப்படி ஒருவரிடம் படித்திருக்கலாம் என்று தோன்றும். பிறகு அவர் கண் மூன்றாவது நாற்காலிக்கு வரும். கரண்ட் போனதுபோல் பாதிச் சொல்லில் நின்றுவிடுவார். உண்மையான தேர்வு ஆறிலும் இப்படித்தானாம். பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நான் என்னால் ஆனதைச் செய்தேன். ஒரு சனிக்கிழமை அவரைப் பார்த்துச் சிரித்தேன். "மேனேஜர் சிரிச்சாருல்லா, தோத்துட்டேன்னு அப்பமே தெரிஞ்சு போச்சு" என்று வெளியே போய் மேடத்திடம் அழுதார். அடுத்த வாரம் தரையைப் பார்த்தேன். அவரும் அங்கே என்ன கிடக்கிறது என்று குனிந்து பார்த்தார். அதற்கடுத்த வாரம் எழுதாமல் இருந்தேன். எழுத ஒன்றுமில்லை என்று நான் முடிவு செய்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்.

சாரிடம் போனேன். "சார், அவங்ககிட்ட மட்டும் நான் யாருன்னு சொல்லிரட்டா? பாவமா இருக்கு."

"திங்கக்கிழமை அங்க ஒரு மேனேஜர் இருப்பான். அவன் யாருன்னு நீர் போய்ச் சொல்லுவீரா? வாயைத் திறந்தீர்னா அப்புறம் இங்க வர வேண்டாம்."

அது தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை. டீச்சர் வந்து உட்கார்ந்தார். சார் முதல் கேள்வி, மேடம் இரண்டாவது கேள்வி, நன்றாகப் போனது. மூன்றாவதின் நடுவில் என்னைப் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். சார் தாளைக் கவிழ்த்து வைத்து, "சரி, போகலாம்" என்றார்.

டீச்சர் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

"சார், நீங்க ஒரே ஒரு கேள்வி கேட்டிருங்க. எதுன்னாலும் சரி. நீங்க பேசிட்டீங்கன்னா எனக்குப் பயம் போயிரும்."

சாருடைய கால் மேஜைக்கடியில் என் காலை மிதித்தது. எனக்கு வேர்த்தது. கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது, வேலை போனாலும் பரவாயில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்புப் படித்தவன் பி.எட். படித்தவரிடம் என்ன கேட்பது? தலைக்குள் ஒரு கேள்விகூட இல்லை. தாளைப் பார்த்தேன். வாய் தானாகத் திறந்தது.

"சாயாவா, காப்பியா?"

டீச்சர் என்னையே பார்த்தார். பிறகு, கடையில் உட்கார்ந்திருக்கிறவர் போல, "காப்பி. சீனி கம்மியா" என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்ததற்கு இருபது வருடப் பழக்கம்தான் காரணம். எழுந்தேன். மூலையிலிருந்த பிளாஸ்கை எடுத்தேன். இரட்டை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகக் கீழே இறங்கினேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

காப்பி வாங்கித் திரும்பி வந்து கதவைத் திறந்தேன். நான் விட்டுப்போன தாள் டீச்சர் பக்கம் திரும்பிக் கிடந்தது. அவர் பேசிக்கொண்டிருந்தார். பஸ்ஸின் நெற்றி, கடைப் பலகை, பாடத்தில் பின்தங்கிய குழந்தை, எல்லாவற்றையும் காலியாக இருந்த மூன்றாவது நாற்காலியைப் பார்த்து, தடங்கல் இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் டம்ளரில் ஊற்றி வைத்தேன். பேச்சை நிறுத்தாமல் ஒரு மடக்குக் குடித்தார். சார் என்னைத் திட்ட வாயெடுத்தபோது மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே கலவரம். நான் மாடியைப் பெருக்குகிற ஆள் என்று கீழே சாயாக்கடைக்காரர் சொல்லிவிட்டிருந்தார். "அப்ப அந்த மூணு ஸ்கூல்?" என்றார் ஒருவர். "ஒரு ஸ்கூலும் இல்லியா?" காட்டாக்கடை அப்பா என் முன்னால் வந்து நின்றார். "என்டே சக்க எவிடே?" என்று தன் பலாப்பழத்தைக் கேட்டார்.

"அது தீந்து போச்சு" என்றேன். அந்தச் சட்டையில் நான் பேசிய இரண்டாவது வாக்கியம்.

"குருவாவது தாரும்!"

குரு என்றால் பலாக்கொட்டை. அதுவும் குழம்பாகிவிட்டது. அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை மதியம் டீச்சர் நேராக நிலையத்துக்கு வந்தார். நான் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, அங்கயும் ஒருத்தரு உம்முன்னு இருந்தாரு. எழுதிக்கிட்டே வேற இருந்தாரு. எனக்கு மறுபடி நாக்கு ஒட்டிக்கிட்டு. உங்க தாள்ல இருந்த சாயாக் கணக்கை நெனச்சேன். நானே கேட்டுட்டேன், சார், உங்களுக்கு எங்கிட்ட எதுவும் கேக்கணுமான்னு."

"ஐயையோ. அவரு என்ன சொன்னாரு?"

"பேனாவைக் கீழ போட்டுட்டாரு. இல்ல இல்லன்னு கையை ஆட்டினாரு. குனிஞ்சு எடுக்கும்போது பாக்கேன், காதெல்லாம் செவந்திருக்கு. அவருக்கும் கூச்சம்தான் அண்ணாச்சி, உங்களை மாதிரி. அப்புறம் எனக்கு என்ன பயம்?"

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. லீவில் போன ஒருவரின் இடம், ஒரு வருடத்துக்கு. பிறகு என்ன ஆகும் என்று தெரியாது. துணிக்கடையில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டார்.

என் வேலையும் போகவில்லை. அடுத்த சனிக்கிழமையே சார் சட்டையை நீட்டினார். "எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே சார்" என்றேன். "உட்காரும், பார்ப்போம்" என்றார். முதலில் வந்தவருக்கு நான்தான் பத்து நிமிடம் முன்னால் படியில் சாயா கொடுத்திருந்தேன். பாக்கிச் சில்லறையைக்கூட எண்ணித் தந்திருந்தேன். உள்ளே வந்து வெள்ளைச் சட்டையில் என்னைப் பார்த்தார். சார் சொந்த ஊர்ப் பெயரைக் கேட்டார், அது அவருக்கு மறந்துபோயிருந்தது.

நான் தாளைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன், படித்துக்கொள்ளட்டும் என்று. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கோடை விடுமுறை முடிந்து இன்று பள்ளிகள் திறந்திருக்கின்றன. காலை எட்டரைக்கு டீச்சர் கரமனையில் பஸ் ஏறுவதைப் பார்த்தேன். பஸ்ஸின் நெற்றியை நிமிர்ந்து படித்துவிட்டுத்தான் ஏறினார். இதை எழுதி முடித்தது 2025 ஜூன் 2, திங்கட்கிழமை.