வடக்கே சூலம், எதிரே காற்று

நேற்று பீரோவில் அந்துருண்டை போடலாம் என்று சேலைகளை எல்லாம் எடுத்துக் கட்டிலில் அடுக்கினேன். அடியிலிருந்து ஒரு மாம்பழ நிற ப்ளவுஸ் வந்தது. கழுத்தோரத்திலும் கையிலும் வெள்ளை நூல் பெரிய பெரிய ஓட்டமாக அப்படியே இருக்கிறது. மெஷினில் தைப்பதற்கு முன்னால் துணி நகராமல் இருக்கத் தையல்காரர் கையால் ஓட்டுகிற நூல். வேலை முடிந்ததும் உருவிப் போட வேண்டியது. லேக் மார்க்கெட் தையல்காரர் உருவவில்லை, நானும் உருவவில்லை. அது அரைகுறையாக என் பீரோவுக்குள் எப்படி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்த வெள்ளை நூலைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அதற்குக் காரணம் தையல் இல்லை, படகு.

நாங்கள் அப்போது கல்கத்தாவில், ஆற்றங்கரையோரம் கார்டன் ரீச்சில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். இவர், அதாவது என் வீட்டுக்காரர், அங்கே ஒரு கப்பல் கட்டும் தளத்தில் டிராயிங் ஆபீஸில் வேலை பார்த்தார். எழுபதுகளின் தொடக்கம். ஒருநாள் சாயங்காலம் வந்து காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, "இன்னைக்கு டாக் அடிக்கப் படிச்சிட்டேன்" என்றார். நான் சேலைக்கு ஃபால் தைத்துக்கொண்டிருந்தேன். தையலுக்கு முன் ஓட்டுகிற நூலுக்கு எங்கள் தெருப் பெண்கள் டாக் என்றுதான் சொல்வார்கள். ஒரு பொத்தான் தைக்கத் தெரியாத மனுஷர் டாக் போட்டு என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தேன்.

விஷயம் வேறு. அவர்கள் தளத்தில் வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன ஒரு சின்னக் கிளப்பும், அதில் ஒரு பழைய பாய்மரப் படகும் இருந்தன. அதிகாரிகள் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். அவர்கள் விட்டதை இவர் பிடித்துக்கொண்டார். எதிர்க்காற்றில் படகு நேரே போகாதாம். காற்றுக்குக் கொஞ்சம் வலது பக்கமாகப் போய், சட்டென்று திருப்பி, கொஞ்சம் இடது பக்கமாகப் போய், மறுபடி திருப்பி, இப்படியே கோணல்மாணலாக முன்னேற வேண்டுமாம். ராத்திரி சாப்பிடும்போது ஓர் அப்பளத்தைத் தட்டில் நிறுத்தி, ரசத்தை ஆறாக்கி விளக்கினார். அப்பளம் நமத்துப்போனதுதான் மிச்சம். மறுநாள் ஆபீஸ் அகராதியைப் பார்த்துவிட்டு வந்து, செருப்பில் அடிக்கிற சின்ன ஆணிக்கும் அதே பேர், குதிரைக்கு மாட்டுகிற சேணம், கடிவாளத்துக்கும் அதே பேர், ஒரு காரியத்துக்குப் போகிற வழிக்கும் அதே பேர் என்று பாடம் எடுத்தார். "அந்தக் கடைசி அர்த்தத்துல நீங்க பொறந்ததுலேர்ந்தே புலிதானே" என்றேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அப்படிப்பட்ட ஆள்.

நேராக ஒரு வார்த்தை பேசமாட்டார், ஐயா. கூரை ஒழுகுகிறது என்று வீட்டுச் சொந்தக்கார பாபுவிடம் சொல்லச் சொல்லி அனுப்புவேன். இவர் போய் இலிஷ் மீன் விலையில் ஆரம்பித்து, பாபுவின் மூட்டுவலிக்குப் போய், அவர் மகளின் பாட்டு வகுப்புக்குப் போய், கைநிறைய சந்தேஷ் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பி வருவார். "கூரை என்னாச்சு?" என்றால், "வரும் வரும்" என்பார். நான் வாளியை நகர்த்தி வைத்துக்கொண்டிருப்பேன். கூரை ஒழுகுகிற வீட்டில் சந்தேஷ் தின்றால் எப்படி இருக்கும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வருஷம்தான் ஆற்றுக்கு அக்கரையில், சாந்த்ராகாச்சி ரயில்வே காலனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை காலி என்று தெரிந்தது. நான் பி.ஏ., பி.டி. படித்துவிட்டு, மூன்று பேருக்கு இட்லி அவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனு போட்டேன். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். எப்படி வேண்டும் என்றால், பாத்திரம் துலக்கும்போது மனசுக்குள் கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டிருப்பேன், அப்படி.

எங்களோடு இருந்த என் மாமியார் திருநெல்வேலிப் பக்கம். "கட்டுன பொம்பள ஆத்தத் தாண்டிப் போயி சம்பாதிச்சுதான் இங்க அடுப்பெரியணுமோ?" என்று ஆரம்பித்துவிட்டார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு புருஷன் இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும்? இவர் சொன்னார்: "அதாம்மா. அங்க இவளுக்கு யாரு வேலை குடுக்கப் போறா? சும்மா போயிப் பாத்துட்டு வரட்டும், ஆச தீந்துரும்." எனக்குக் கரண்டியை எடுத்து எறியலாம் போல இருந்தது. இரண்டு நாள் பேசவில்லை. பேசாததை அவர் கவனித்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாது.

இன்டர்வியூ அன்று பார்த்து பந்த். அந்தக் காலத்துக் கல்கத்தாவில் பந்த் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் இல்லை, டிராம் இல்லை, ஆற்றைத் தாண்டுகிற லாஞ்சும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக் கமிட்டிக்காரர்கள் எல்லாரும் அந்தக் காலனிக்குள்ளேயே குடியிருக்கிறவர்கள். அவர்களுக்கு வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். இன்டர்வியூ உண்டு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் முந்தின நாள் ஃபாலுக்கு டாக் மட்டும் போட்டு வைத்திருந்த வெளிர்நீலக் கைத்தறியைக் கட்டிக்கொண்டு, அழுகிற மாதிரி நின்றேன்.

"காத்துக்கு பந்த் கிடையாது, கிளம்பு" என்றார் இவர்.

மாமியார் காலண்டரைப் பார்த்துவிட்டு வாசலை மறித்தார். "ஏல, இன்னைக்குப் புதன்கிழமலா? வடக்க சூலம். அக்கர நேர் வடக்குலா?" சூலம் இருக்கிற திசைக்குப் போனால் போன காரியம் குத்துப்படும் என்பது அவர் நம்பிக்கை. வடக்கே சூலத்துக்குப் பரிகாரம் பால். ஒரு வாய் குடித்துவிட்டுப் போகலாம். பந்த் என்று பால்காரன் வரவில்லை. முடிந்தது கதை என்று நான் செருப்பைக் கழற்றினேன்.

இவர் கொஞ்சமும் அசையவில்லை. "நேர வடக்க எங்கம்மா போறோம்? காத்தே வடக்கேருந்துதான் அடிக்கி. மொதல்ல வடகிழக்க போவோம், பொறவு வடமேற்க திரும்புவோம். நாங்க நெனச்சாலும் நேர் வடக்க போக முடியாது."

மாமியார் விரலால் திசைகளைக் காற்றில் போட்டுப் பார்த்தார். வடகிழக்குக்கு இன்று சூலம் இல்லை, வடமேற்குக்கும் இல்லை. "அப்பம் சரி" என்று வழியை விட்டார். பி.டி. படித்த நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடல் ஓதத்தோடு ஆறு வற்றி முடிந்து, மறுபடி ஏறத் தொடங்காத இடைவெளி பார்த்துக் கிளம்பினோம். குளிர்காலக் காற்று, மூக்கு நுனி சில்லிட்டது. படித்துறையில் ஒரு பாபு உடம்பெல்லாம் கடுகெண்ணெய் பூசிக்கொண்டு வெயிலுக்காகக் காத்திருந்தார். "கோதாய் ஜாச்சேன் பௌதி?" என்று கேட்டார். எங்கே போகிறீர்கள் அண்ணி என்று. "சாந்த்ராகாச்சி" என்று கம்பீரமாகச் சொன்னேன்.

நடு ஆற்றில் நங்கூரம் போட்ட பாரப் படகுகள் வரிசையாக நின்றன. அவற்றில் முட்டுவதற்கு முன்னால் படகைத் திருப்ப வேண்டும். பாயின் அடியில் ஓடுகிற கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பாயும். இவர் "குனி" என்பார், நான் குனிந்து, சேலையைச் சுருட்டிக்கொண்டு எதிர்ப்பலகைக்கு நகர வேண்டும். முதல் தடவை நான் குனிவதற்குள் கட்டை வந்து கொண்டையைத் தட்டிவிட்டது. படகு பாதி திரும்பி, மூக்கைக் காற்றுக்கு நேரே நீட்டி நின்றுவிட்டது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு மெதுவாக, வெட்கமே இல்லாமல், பின்னாலேயே போக ஆரம்பித்தது. போய், கிளம்பின படித்துறைக்கே வந்துவிட்டது. பாபு இப்போது தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். "எக்கோனோ ஜானனி?" என்றார். இன்னும் போகலையா என்று. இரண்டாவது தடவையும் அதே இடத்தில் அதே கதை. பாபு குளித்து முடித்துத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். "சா காபேன்?" என்று டீ குடிக்கக் கூப்பிட்டார். எனக்கு ஆற்றில் குதித்துவிடலாமா என்று இருந்தது.

மூன்றாவது தடவை போகும்போது எனக்குப் பொறுக்கவில்லை. கட்டையிலிருந்த கொக்கியில் மாட்டி ஃபாலின் டாக் வேறு பிரிந்து தொங்கியது. "உங்களுக்கும் உங்கம்மாவுக்கும் நான் வேலைக்குப் போறது பிடிக்கலை. அதான் இந்தக் கூத்து. பிடிக்கலைன்னா நேரா சொல்லித் தொலைங்களேன்" என்று கத்தினேன்.

அவர் சுக்கானை விடாமல் பாயைப் பார்த்தபடியே சொன்னார்: "எங்கம்மா கிட்ட நேரா சொல்லியிருந்தா நீ வாசப்படிய தாண்டியிருப்பியா? அப்பமே பாய் படபடன்னு அடிச்சிருக்கும். நாம இன்னும் வீட்டுலதான் நின்னுகிட்டிருப்போம்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, இன்னும் கோபம்தான் வந்தது. "இதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு? ரெண்டு நாளா வெந்துகிட்டிருந்தேனே."

"உன்கிட்ட சொன்னா உன் மூஞ்சி அம்மாகிட்ட சொல்லிரும்லா" என்றார். "குனி."

இந்தத் தடவை சரியாகக் குனிந்தேன். படகு திரும்பியது.

அக்கரையில் தண்ணீர் வற்றி முழங்கால் வரை சேறு. இவர் என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்கி நடந்தார், நான் அவர் கால் பதிந்த பள்ளங்களில் கால் வைத்துப் போனேன். பந்தை மதிக்காத ஒரு ரிக்‌ஷா கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கமிட்டி கலைந்து எழுந்துகொண்டிருந்தது. மற்ற எல்லாரும், பந்த் அன்று எப்படிப் போவது என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்களாம். வந்தது நான் ஒருத்திதான். "எப்படி வந்தீங்க?" என்று தலைமையாசிரியை அம்மா கேட்டார். பாய்மரப் படகில் என்றேன். சிரித்தவர் என் காலைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். என்ன கேள்வி கேட்டார்கள் என்று நினைவில்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

திரும்பும்போது காற்று முதுகுக்குப் பின்னால். நேரே வந்தோம், கொஞ்ச நேரத்தில் வந்தோம். வீட்டில் நுழைந்ததும் இவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "கெடைக்காதுன்னு நெனச்சேம்மா, கெடச்சித் தொலச்சிட்டு. இப்பம் என்ன செய்ய?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மாமியாருக்கு மகன் முகம் வாடினால் பொறுக்காது. "விடுல. கெடச்சது கெடச்சிட்டு. போயிட்டு வரட்டும், நான் சோறு வச்சிருதேன்" என்று அவருக்கு ஆறுதல் சொன்னார். நான் உள்ளே போய்த் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

இருபது வருஷத்துக்கு மேல் அந்த ஆற்றைத் தாண்டினேன், லாஞ்சில். இவர் அந்தக் கதையை ஊரில் எந்தப் பொங்கல் விழாவில் நாலு தமிழர் சேர்ந்தாலும் சொல்வார். சாந்த்ராகாச்சிக்கு வந்து சேருவதற்குள் சாப்பாட்டுப் பந்தி முடிந்திருக்கும். "விஷயத்துக்கு வாங்க" என்று நான் பக்கத்திலிருந்து இடிப்பேன். ஓய்வு பெற்று லேக் மார்க்கெட் பக்கம் குடிவந்த பிறகும் இதே கதை, இதே இடி.

இப்போது ஆற்றுக்கு மேலே பெரிய பாலம். லேக் மார்க்கெட்டில் டாக்ஸி ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் சாந்த்ராகாச்சி. நாங்கள் கிளம்பின படித்துறைக்குக் குறுக்கே சுவர் எழும்பிவிட்டது. கிளப் இல்லை, படகை விறகுக்குப் போட்டுவிட்டார்கள் என்று கேள்வி. சூலம் பார்த்து வழிமறிக்க மாமியாரும் இல்லை. எல்லாம் நேர்வழியாகிவிட்டது.

இவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பூஜைக்கு முந்தின வாரம். ஒரு மத்தியானம், "உன் ப்ளவுஸ் தைக்கக் குடுத்தியே, வாங்கியாச்சா?" என்றார். இப்ப அதுவா முக்கியம் என்றேன். "பூஜைக்குக் கடையை மூடிருவான். போயி வாங்கிட்டு வா. அப்படியே அந்த மொனைக் கடையில காபிப்பொடி. இங்க காபி நல்லால்ல." நான் மாட்டேன் என்றேன். விடவில்லை. ப்ளவுஸிலிருந்து காபிக்கு, காபியிலிருந்து கேஸ் அடுப்பை மூடினேனா என்பதற்கு, அதிலிருந்து மறுபடி ப்ளவுஸுக்கு. கடைசியில் திட்டிக்கொண்டே கிளம்பினேன். தையல்காரர் இன்னும் முடிக்கவில்லை, மெஷினிலிருந்து அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்தேன். காபிப்பொடியும் வாங்கினேன். வார்டு வாசலில் நர்ஸ் எனக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"நான் போறத நீ பக்கத்துல நின்னு பாக்க வேண்டாம்" என்று அவர் நேராகச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் அந்தக் கட்டிலை விட்டு ஓர் அடி நகர்ந்திருக்க மாட்டேன், அது அவருக்குத் தெரியும். அதுதான் என் எரிச்சல். இன்றுவரை அடங்கவில்லை.