மறுமுனையைப் பிடித்தவள்

பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது அந்தச் சலவைக்கூடம். மேலே மாடி மாடியாக மனிதர்கள் பிறக்கிறார்கள், சாகிறார்கள், பிழைத்து வீடு திரும்புகிறார்கள். அவர்கள் படுத்தெழுந்த விரிப்புகள் எல்லாம் தள்ளுவண்டியில் ஏறிக் கீழே வந்து சேரும். துவைத்து, உலர்த்தி, சுடச்சுட மேசையில் கொட்டினால் மலைபோலக் குவியும். அந்த மலையை நாள் முழுக்க மடித்து அடுக்குகிறவள்தான் மடிப்பக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டுதான். அது யாருக்கும் நினைவில்லை.

மடிப்பக்கா அதிகம் பேசமாட்டாள். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், இவள் வாயிலிருந்து நாலு வார்த்தை உரிக்க முடியாது என்பது அவள் கணவனின் தீர்ப்பு. அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், வாய் ஓயாத ஆள். "நான் ஏறி இறங்கிக்கிட்டே இருப்பேன், இவ நின்ன மாடியிலயே நிப்பா" என்று அவள் காதுபடவே சொல்வான். அவள் அதற்கும் பேசாமல் ஒரு புன்னகையோடு நகர்ந்துவிடுவாள்.

ஆனால் எவ்வளவு கெட்டிக்காரியானாலும் அந்த நீள விரிப்பை ஒருத்தி தனியாக மடிக்க முடியாது. மறுமுனையைப் பிடிக்க எதிரே ஓர் ஆள் நின்றாக வேண்டும். மடிப்பக்காவுக்கு எதிரே வருஷக்கணக்காக நின்றவள் ரேடியோ.

ரேடியோ என்பதும் பட்டப்பெயர்தான். காலையில் உள்ளே நுழையும்போது தொடங்கினால் மாலையில் செருப்பை மாட்டும் வரை நிறுத்தமாட்டாள். "நேத்து பிரசங்கத்துல போதகர் மூணு தடவை 'கடைசியா ஒண்ணு'ன்னாருக்கா. மூணு தடவையும் நான் செருப்பைத் தேடி ஏமாந்தேன்" என்பாள். இயந்திரங்களின் இரைச்சலையும் தாண்டி அந்தக் கூடமே சிரிக்கும். மடிக்கும்போது தாளம் சொல்வதும் அவள்தான்.

"உதறு... இழு... வா."

உதறு என்றால் இருவரும் ஒருசேர உதறுவார்கள். சுருக்கமெல்லாம் அலையாக ஓடி மறையும். இழு என்றால் மூலைகளைப் பிடித்தபடி பின்னால் சாய்வார்கள். வா என்றால் மடிப்பக்கா எதிரே நடந்து போய்த் தன் மூலைகளை ரேடியோவின் கையில் சேர்ப்பாள். பார்க்கிறவர்களுக்கு ஏதோ ஆட்டம் மாதிரி இருக்கும். ரேடியோ சொல்லுவாள், மடிப்பக்கா வருவாள். கல்யாண வீட்டில் மாலை மாற்றுவதுபோல் விரல்கள் தொட்டுப் பிரியும்.

அந்த ரேடியோ ஒருநாள் நின்றுபோனது.

சட்டென்று நிற்கவில்லை. முதலில் வேடிக்கைப் பேச்சு குறைந்தது. பிறகு தாளம் போயிற்று. மூலைகளைப் பிடித்தபடி எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு மத்தியானம் அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து விரிப்பில் சொட்டியது. துடைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"என்னடி ஆச்சு?"

"தெரியலக்கா."

பிறகு வேலைக்கு வருவதே நின்றது. அவள் கணவன் பஸ் டிரைவர். சலவைக்கூட வாசலில் வந்து தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றான்.

"அக்கா, அவ எழுந்திரிக்கவே மாட்டேங்குறா. வீட்ல சண்டை இல்ல, சாவு இல்ல, ஒரு குறையும் இல்ல. என்னன்னு கேட்டா சுவத்தைப் பார்க்குறா. எனக்குப் பயமா இருக்கு."

இங்கேதான் ஒரு தப்பு நடந்தது. நல்ல எண்ணத்தோடு செய்த தப்பு. ஜெபம் செய்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. இருவரும் போகும் சபையின் ஜெபக்குழு அக்கா தலைமையில் பெண்கள் எல்லாம் திரண்டு ரேடியோவின் வீட்டுக்குப் போனார்கள். மடிப்பக்காவும் போனாள். கைதட்டிப் பாடினார்கள், உரக்க ஜெபித்தார்கள். "விசுவாசம் குறையிற இடத்துலதான் துக்கம் புகுந்துக்கும்" என்றாள் ஜெபக்குழு அக்கா. வாயே திறக்காத மடிப்பக்காவும் அன்று பார்த்துத் திறந்தாள்.

"ஸ்தோத்திரம் சொல்லுடி. எல்லாம் பறந்து போயிடும்."

ரேடியோ எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மறுநாள் டிரைவர் மறுபடி வாசலில் நின்றான்.

"நீங்க போனதுலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கலக்கா. 'இத்தனை பேர் கூப்பிட்டும் எனக்கு உள்ள ஒண்ணுமே அசையல, கடவுளும் என்னைக் கைவிட்டுட்டாரு'ன்னு சொல்றா. இனிமே யாரும் வரவேணாம்னு சொல்லச் சொன்னா."

மடிப்பக்காவின் நெஞ்சில் சூட்டுக்கோலை வைத்து இழுத்தது போலிருந்தது. உயிருக்கு உயிரானவள் தண்ணீருக்குள் மூழ்கிக்கொண்டிருக்க, கரையில் நின்று நீச்சல் பாடம் நடத்திவிட்டு வந்திருக்கிறோமே என்று உள்ளுக்குள் குமுறினாள். மேசைக்கு வந்தாள். எதிரே ஆள் இல்லை. ஒரு விரிப்பை எடுத்துத் தனியாகவே மடிக்கப் பார்த்தாள். நடுவை மோவாயில் இடுக்கிக்கொண்டு, கைகளை எட்டும் மட்டும் நீட்டினாள். மறுமுனை தரையில் புரண்டு அழுக்கானது.

அந்த அழுக்கு முனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'ஆண்டவரே, தனியா மடிக்க முடியாததை அவளைத் தனியா மடிக்கச் சொல்லிட்டு வந்துட்டேனே' என்று மனம் முணுமுணுத்தது. பிழிந்தெடுத்த ஜெபம் அது.

அன்று மாலை வீட்டுக் கொடியில் உலர்ந்த பெரிய விரிப்பை மடிக்காமல் உருவி ஒரு வாளியில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"என்ன, வாளியோட வீட்டை விட்டே போறியா?" என்றான் கணவன்.

"விரிப்பு மடிக்கப் போறேன்."

"அதுக்கு பஸ் ஏறியா போகணும்? இங்க ஒருத்தன் ரெண்டு கையோட சும்மாதானே உக்காந்திருக்கேன்."

அவள் வாளியை இடுப்பில் ஏற்றினாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் பகடியை விழுங்கிக்கொண்டான்.

ரேடியோ வீட்டுக் கதவை டிரைவர் பாதிதான் திறந்தான். "அக்கா, அவ யாரும் வேணாம்னு..."

"நான் ஜெபம் பண்ண வரல தம்பி. துணி மடிக்க வந்தேன்."

அந்த அறையை என்னவென்று சொல்வது! வெளியே மாலை வெயில் இன்னும் பளீரென்று இருக்க, உள்ளே திரை இழுத்து மூடிக் கிடந்தது. பக்கத்துச் சிறுமேசையில் வைத்த தண்ணீரில் தூசி படிந்திருந்தது. சீப்புப் படாத தலையோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள் ரேடியோ. மடிப்பக்கா தரையில் உட்கார்ந்தாள். விரிப்பின் ஒரு முனையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மறுமுனையை எடுத்துக் கட்டிலில் தோழியின் கைக்கு அருகே போட்டாள்.

"அந்தப் பக்கம் பிடிக்க ஆள் இல்லடி. நீ படுத்திரு. அவசரமில்ல."

அவ்வளவுதான். பாட்டில்லை, புத்திமதி இல்லை. இருட்டும் வரை இருந்துவிட்டு, மடிக்காத விரிப்பை வாளியில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

"மடிக்கலையா?" என்றான் கணவன்.

"ஆள் இன்னும் வரல."

ஊரையே கேலி செய்கிற அந்த மனிதன் மறுநாள் அவள் வேலை முடிந்து வருவதற்குள் விரிப்பைச் சுருட்டி வாளியில் வைத்து, வாளியை வாசலில் தயாராக நிறுத்தியிருந்தான்.

இப்படியே போயிற்று. அவள் போவாள், உட்காருவாள், வருவாள். ஒருநாள் தோழியின் தலைச்சிக்கை எடுத்துவிட்டாள். ஒருநாள் பாலைக் கரண்டியால் ஊட்டினாள். ஒருநாள் இரண்டு பேருமே தூங்கிப்போனார்கள். உதடு அசையாமல் அவள் ஜெபித்துக்கொண்டேதான் இருந்தாள். அது அவளுக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சுவரைப் பார்த்தபடியே ரேடியோ பேசினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"எதுக்குக்கா தினமும் வர்ற? எனக்கு ஜெபமே வரமாட்டேங்குது. அவர் இருக்காரான்னே தெரியல. உள்ள எல்லாம் வத்திப் போச்சு."

மடிப்பக்கா மடியிலிருந்த விரிப்பை நீவினாள். "வேதத்துல, கைகால் விளங்காத திமிர்வாதக்காரனைப் படுக்கையோட தூக்கிட்டு வந்து, இயேசு இருந்த வீட்டுக் கூரையைப் பிரிச்சு அவர் முன்னாடி இறக்குனாங்களே நாலு பேரு. ஞாபகம் இருக்கா?"

"ம்."

"படுத்திருந்தவன் என்ன ஜெபம் பண்ணான்?"

ரேடியோவின் தலை சுவரிலிருந்து கொஞ்சம் திரும்பியது.

"ஒண்ணும் பண்ணலடி. வாயே திறக்கல. ஆண்டவர் அவனைத் தூக்கிட்டு வந்தவங்க விசுவாசத்தைத்தான் பார்த்தாரு. நீ பேசாம படுத்திரு. நம்புற வேலைய இப்போதைக்கு நான் பார்த்துக்கறேன்."

கட்டில் குலுங்கியது. மாதக்கணக்கில் உறைந்து கிடந்தது உடைந்து வந்தது. அந்த அழுகைக்கு நடுவே, தன்னைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லாததை ரேடியோ சொன்னாள்.

"எனக்கு உயிரோட இருக்கவே பிடிக்கலக்கா."

மடிப்பக்கா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "சாகணும்னு தோணுதாடி?" என்று நேராகவே கேட்டாள்.

"தோணுது. தினமும் தோணுது."

அது பாவம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்திருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். "என்கிட்ட சொன்னியே, நல்லதாப் போச்சு. இன்னிக்கு நான் வீட்டுக்குப் போகல. நாளைக்கு ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போறோம்."

"பைத்தியம்னு பேர் வெச்சிருவாங்கக்கா."

"நாம மடிக்கிற விரிப்பு எந்த வார்டுக்குப் போகுதுன்னு என்னிக்காவது பார்த்திருக்கோமா? கால் ஒடஞ்சவனுக்கும் அதே விரிப்புதான், மனசு ஒடஞ்சவனுக்கும் அதே விரிப்புதான். ஒரு கட்டில்ல நீ போய் உக்காந்தா என்ன குறைஞ்சு போச்சு?"

மறுநாள் காலையில் டிரைவர் விடுப்புப் போட்டுவிட்டு ஒருபக்கம் தாங்க, மடிப்பக்கா ஒரு கையில் வாளியோடு மறுபக்கம் தாங்க, ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார்கள். வாசலில் லிஃப்ட்காரன் நின்றிருந்தான். மனைவி சொல்லியனுப்பாமலே, வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தான். கொஞ்சம் தள்ளி, கையில் பிளாஸ்க்கோடு ஜெபக்குழு அக்கா. விஷயம் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. வந்தவள் ரேடியோவின் கன்னத்தைத் தடவினாள். "என்னை மன்னிச்சிரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் வாழ்நாளிலேயே முதல் முறையாக அதற்குமேல் பேசாமல் நின்றாள்.

மடிப்பக்கா அந்த முகங்களைப் பார்த்தாள். தன்னையும் சேர்த்து நாலு பேர். யாரும் திட்டம் போட்டு வரவில்லை, யாரும் யாரையும் எண்ணிக் கூப்பிடவில்லை. தான் வாய்விட்டுச் சொன்ன கதைக்குள் தன்னையே யாரோ கைப்பிடித்து நடத்திக்கொண்டு போவதுபோல் அவளுக்கு இருந்தது.

"கூரையை எல்லாம் பிரிக்க வேணாம். லிஃப்ட் வேலை செய்யுது, நான் பார்த்துட்டேன்" என்றான் அவள் கணவன். கதையை அவனுக்கு யார் சொன்னது? அவன் எப்போதும்போல் ஏதோ வேடிக்கையாகத்தான் சொன்னான். மடிப்பக்காவுக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

டாக்டரம்மா அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேட்டார். "இது நோய்மா. உங்க தப்பு இல்ல, உங்க விசுவாசத்தோட தப்பும் இல்ல. குணமாகும். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். அதுவரைக்கும் இவங்களைத் தனியா விடாதீங்க" என்றார். பிறகு மூலையில் நின்ற வாளியைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டார். மடிப்பக்கா சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். "அதையும் நிறுத்தாதீங்க" என்றார்.

மருந்து மந்திரம் இல்லை. ஏறியும் இறங்கியும்தான் நாட்கள் போயின. டிரைவர் பஸ்ஸோடு போகும் நேரங்களை மற்றவர்கள் பங்குபோட்டுக்கொண்டார்கள். மாத்திரையை டிரைவரே வைத்திருந்து கொடுத்தான். இரண்டாம் வாரம் ரேடியோ இன்னும் மோசமானாள். "போதும்க்கா, விட்டுரு" என்று விரிப்பைக் காலால் எட்டித் தள்ளினாள். மடிப்பக்கா அதை எடுத்து உதறி, மறுபடி அவள் கைக்கு அருகே போட்டாள்.

பிறகு ஒரு மாலை. திரை பாதி விலகியிருந்தது. ரேடியோதான் விலக்கியிருக்க வேண்டும். மடிப்பக்கா வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்து, விரிப்பைப் போட்டுவிட்டுத் தலைகுனிந்திருந்தாள். மடியில் இருந்த துணி மெல்ல அசைந்தது.

நிமிர்ந்தாள். கட்டிலில் ரேடியோவின் விரல்கள் விரிப்பின் ஓரத்தில் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு மூலையைக் கண்டுபிடித்தன. பிறகு மற்றதை. அவள் எழுந்து உட்கார்ந்தாள், கால்களைத் தரையில் ஊன்றினாள், கட்டில் சட்டத்தைப் பிடித்து நின்றாள். மடிப்பக்கா தானும் எழுந்து எதிரே நின்றாள். மெல்ல உதறினார்கள். அலை பாதி வழியிலேயே செத்துப்போயிற்று. மெல்ல இழுத்தார்கள்.

அடுத்து நடக்க வேண்டும். ஆனால் கால்கள் நகரவில்லை. வருஷக்கணக்காகப் பழகிய கால்கள். அந்தச் சொல் வராமல் அவை அடியெடுத்து வைத்ததே இல்லை.

"வா" என்றாள் ரேடியோ.

செத்து நாற்றமெடுத்தவனைக் கல்லறை வாசலில் நின்று வா என்று அழைத்த இயேசுவை மடிப்பக்காவுக்குத் தெரியும். இங்கே உள்ளே கிடந்தவள் அல்லவா வெளியே நிற்கிறவளை அழைக்கிறாள்! இது எப்படி நடக்கும், இதை நான் பார்க்க என்ன தகுதி என்று நினைத்தபடியே அவள் நடந்தாள். மூலையோடு மூலை சேர்ந்தது. விரலோடு விரல் தொட்டது. அந்த விரல்களில் சூடு இருந்தது.

மடிப்பு படுகோணல். ரேடியோ அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"அக்கா, இதைத் தோய்ச்சு எவ்ளோ நாளாச்சு? ஆஸ்பத்திரி அழுக்குக் கூடையே தேவலாம் போல."

மடிப்பக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ரேடியோவும் சிரித்தாள். வாசற்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த டிரைவர், உள்ளே கேட்ட இரண்டு சிரிப்பில் ஒன்றை அடையாளம் கண்டு, ஒரு காலில் செருப்போடு ஓடிவந்தான்.

அன்று மடிப்பக்கா வீடு திரும்பியபோது கணவன் வாளியை எட்டிப் பார்த்தான். கோணல் மடிப்புக் கலையாமல் அதை இரு கையாலும் ஏந்திக்கொண்டு போய், துவைக்காமலே, அலமாரியின் மேல்தட்டில் வைத்தான்.

இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. வேறு எந்த வீட்டிலாவது கதவு திறக்காமல் கிடக்கிறது என்று யாராவது வந்து சொன்னால், மடிப்பக்கா கொடியிலிருந்து வேறொரு விரிப்பை உருவுகிறாள். வாளியின் கைப்பிடியை இப்போது மறுபக்கம் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறவள் ரேடியோ. வழி நெடுக பேச்சு ஓய்வதில்லை.