கோபித்துக்கொண்ட கியர்

நூம்பல் கிராமத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சாம்பார் அண்டாக்களை ஏற்றிப் போனேன். செம்பரம்பாக்கம் சேற்றைத் தாண்ட, பிக்கப் வண்டியின் லிவரைத் தள்ளி, நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீலுக்கு மாற்றினேன். தார் ரோட்டுக்கு வந்தும் லிவர் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. திருப்பங்களில் வண்டி குதித்தது, சாம்பார் தளும்பியது. பந்தி நேரமும் நெருங்கியது.

வழியில் கண்ட ஒரு மெக்கானிக்கிடம் நிறுத்தினேன், தொந்தி பெருத்தவர். வண்டியைப் பற்றி மனிதரைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசினார்.

"கியர் பாக்ஸைக் கழட்டணுமாண்ணே?" என்று மெல்லக் கேட்டேன்.

"வேணாம் அண்ணாத்தே. கல்யாணத்துல கோச்சிக்கினு நிக்கிற மாமன் மாதிரி முறுக்கிகினு கீறான். இழுத்தா வரமாட்டான். கொஞ்சம் பின்னாடி விட்டுப் புடிக்கணும்."

என் இடத்தில் ஏறி உட்கார்ந்து, ரிவர்ஸில் கொஞ்ச தூரம் போனார். லிவர் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

அவரைக் கல்யாணத்துக்கு அழைக்க நினைத்தேன், கூச்சமாக இருந்தது. அவரே பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, "ஓட்டு, பசிக்குது" என்றார்.

பந்திக்கு முன்பே சேர்ந்தோம். யார் வீட்டுக் கல்யாணம் என்று அவர் கடைசிவரை கேட்கவே இல்லை.