பிளந்த உதட்டின் படம்

ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பழைய பிரெஞ்சு நூல்களைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றுவது என் வேலை. வயிற்றில் பிள்ளைக்கு ஐந்து மாதமானபோது, அதிசயங்களைப் பற்றிய ஒரு நூல் என் மேசைக்கு வந்தது. நானூறு ஆண்டுப் பழசு. வால்வெள்ளி, இரத்தமழை, துறவியைப்போல அங்கி போர்த்திய மீன், இரட்டைத்தலைக் கன்று. சிரித்துக்கொண்டே புரட்டினேன்.

ஒரு பக்கத்தில் கை நின்றது. மேலுதடு மூக்குவரை பிளந்த குழந்தையின் படம். தாய் கர்ப்பகாலத்தில் சூரிய கிரகணத்தைப் பார்த்தவளாம். ஊரார் அவளை மதிலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டுக் கதவை அடைத்தார்களாம்; அதன் பிறகு ஊரில் கொள்ளைநோய் இல்லையாம். நல்ல செய்தி சொல்வதுபோலவே எழுதியிருந்தார் நூலாசிரியர்.

சில வாரங்களுக்கு முன்தான் நாங்கள் வாழும் மொன்றியல் நகரம் சூரிய கிரகணத்தில் பட்டப்பகலில் இருண்டது. நகரின் லாசால் பகுதியில் இருக்கும் மாமி, கணவரின் தாய், காலையிலேயே தொலைபேசியில் அழைத்து, ஜன்னல் சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருக்கச் சொன்னார். மென்பொருள் பொறியாளரான என் கணவர் சிரித்தார். கிரகணம் பார்க்கும் கடதாசிக் கண்ணாடி வாங்கிவந்து என் முகத்தில் மாட்டிவிட்டவரும் அவர்தான். பூங்காவில் சனத்தோடு நின்று பார்த்தோம். இருண்டதும் பறவைகள் அடங்கின. கைகால் குளிர்ந்தது.

அந்தப் பக்கத்தைப் படமெடுத்த மறுவாரம் எனக்கு ஸ்கான். கருவியைப் பிடித்திருந்த பெண் கதைப்பதை நிறுத்தினாள். மேலுதட்டில் பிளவு தெரிகிறது, பிறந்து சில மாதங்களில் தைத்துவிடலாம், இதற்கு யாரும் காரணமில்லை என்று வைத்தியர் பிரெஞ்சில் விளக்கினார்.

காரில் ஏறிய பிறகு கணவர் சாவியைத் திருப்பவில்லை.

"அண்டைக்கு நீர் கண்ணாடியைக் கழட்டினனீரோ?"

"முழுசா மறைஞ்சாப் பிறகு எல்லாரும் கழட்டினவை. நீங்களும்தான்."

"நான் வயித்தில பிள்ளையோட நிக்கேல்லை."

பிறகுதான் சாவியைத் திருப்பினார்.

மாமி கேள்விப்பட்டு அழுதார்; ஒரு சொல் குற்றம் சொல்லவில்லை. ஆனால் உறவினர் விசாரிக்கத் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம், "அவ வெளியில போய் நிண்டிட்டா" என்று கணவர் தாழ்ந்த குரலில் சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. மறுத்துச் சொல்ல எழுந்து போவேன். அதற்குள் தொலைபேசியை வைத்திருப்பார்.

மகள் பிறந்தாள். உதட்டைத் தைத்தார்கள், இப்போது மெல்லிய கோடுதான். கணவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வீடெல்லாம் நடப்பார், பாடுவார். அவள் சிரித்தால் மட்டும் முதலில் அவளுடைய உதட்டைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார்.