கயிறு பிடித்த ஆறு பேரும் ஒரு லிங்க்ஸும்

அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில், ஆற்றுக்குக் கிட்ட இருக்கிற தன் வீட்டின் கீழ்த்தளத்தில் சஜிதா கார்டெரி என்கிற பிள்ளைகள் பராமரிப்பகம் நடத்துகிறாள். ஆறு பிள்ளைகள். கலியாணம் கட்டி மொன்றியலுக்கு வந்த புதிதில் ஜான்-டலோன் சந்தையில் தக்காளி அடுக்கினாள். பிரெஞ்சு அங்கே கொஞ்சம் பிடிபட்டது. மிச்சத்தை இந்தப் பிள்ளைகள்தான் பழக்கினார்கள். அதனால் பெரியவர்களோடு கதைக்கும்போதும் நித்திரைக்கு 'டோடோ' என்று மழலையிலேயே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

எந்தப் பிள்ளையின் அழுகைக்கும் அசையாதவளுக்குப் பூனை மட்டும் ஆகாது. பக்கத்து வீட்டுப் பூனை படியில் படுத்திருந்தால் பின்கதவால்தான் வெளியே போவாள்.

பெப்ரவரிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. இரவு கொட்டிய பனி காலை வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. ஆறு பேருக்கும் பனியுடுப்பு மாட்டி முடிக்கவே சஜிதாவுக்கு வியர்த்துவிட்டது. பிறகு கயிற்றை எடுத்தாள். அதில் ஆளுக்கொரு நிற வளையம். வளையத்தை விடாமல் நடக்க வேண்டும் என்பது சட்டம். முன்னுக்கு நாலு வயது ஹென்றி. கடைசியில், பனியை நக்கிக்கொண்டே வருகிற வித்தியா. ஆற்றங்கரைப் பூங்காவுக்குள் பாட்டும் கூச்சலுமாய் இறங்கினார்கள்.

வளைவு திரும்பியதும் ஹென்றி நின்றான். பின்னால் வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"குறோ மினூ," என்றான் ஹென்றி. பெரிய பூனை.

சஜிதா நிமிர்ந்து பார்த்தாள். பாதையின் நடுவே, ஒரு பேருந்து நீளத் தூரத்தில் அது உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறம். கன்னத்தில் தாடி. காது நுனியில் கறுப்பாய் நீட்டிக்கொண்டிருக்கும் மயிர்க்குஞ்சம். பாதங்கள் அந்த உடம்புக்குப் பொருந்தாத பெரிய பாதங்கள். வால் இருந்தும் இல்லாத மாதிரி, கட்டை வால். மஞ்சள் கண்களால் அவளையே பார்த்தது.

ஓடு என்றது கால். ஓடினால் ஆறு பேரும் ஓடுவார்கள் என்றது மூளை. மெல்லக் கயிற்றைச் சுருட்டிப் பிள்ளைகளைத் தன்னோடு அணைத்துக்கொண்டு, ஹென்றிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஒருத்தரும் அசையக் கூடாது," என்று பிரெஞ்சில் கிசுகிசுத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில்கூட ஒரு நிமிடம் அடங்காத கூட்டம் அது. இப்போது மூச்சுச் சத்தம்கூட இல்லை. வித்தியாவின் நாக்கு வெளியே நீட்டியபடியே நின்றது.

அந்த மிருகம் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது. பற்களைக் கண்ட சஜிதா பிள்ளைகளை இன்னும் இறுக்கி அணைத்தாள். ஆனால் அடுத்த கணம் அது எழும்பி, சோம்பல் முறித்து, விழுந்து கிடந்த மரத்தை ஒரே தாவலில் தாண்டியது. அத்தனை பெரிய உடம்பு சத்தமே இல்லாமல் பனியில் இறங்கியது. உறைந்த ஆற்றில் கால் வைத்து, ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, நிதானமாய் நடந்து போனது.

பயம் எங்கே போனதென்று சஜிதாவுக்கே தெரியவில்லை. "கண்டனீங்களோ! ஐயோ, கண்டனீங்களோ!" என்று தமிழிலேயே கத்தித் துள்ளினாள்.

"ஓம்! ஓம்!" என்று ஆறு பேரும் துள்ளினார்கள். அவளிடமிருந்து அந்த ஒரு சொல்லை எல்லாரும் பிடித்து வைத்திருந்தார்கள்.

போன் ஜாக்கெட்டின் அடியில் கிடந்தது. படமெடுக்கும் நினைப்பே வரவில்லை.

பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்தகப்பன்மார் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் நின்று கதை கேட்டார்கள். காதில் பெயின்ற் பிறஷ் வைத்த பூனை என்றாள் வித்தியா. தன் அப்பாவின் காரளவு என்றான் ஹென்றி.

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் கணவன் கஜீவன் வேலையால் வந்து கேட்டுவிட்டுச் சிரித்தான். "பூனையைக் கண்டால் உமக்குப் புலி. ஆரின்ரையோ நாயாயிருக்கும்."

"நாய்க்குக் காதில குஞ்சமிருக்கோ? போனில தேடுங்கோ."

தேடினான். நாலாவது படத்தில் அவள் விரலைக் குத்தினாள். "இதுதான்! இதேதான்!"

லிங்க்ஸ். வடக்குக் காட்டு விலங்கு. மொன்றியல் தீவுக்குள் காண்பது அரிது என்று வாசித்தவன் சிரிப்பை நிறுத்தினான். "சப்பாத்தைப் போடும். வெளிச்சம் போக முதல் போவம்."

விழுந்த மரத்தடியில் தடங்கள் அப்படியே இருந்தன. கஜீவன் முழங்காலில் இருந்து, கையுறையைக் கழற்றி, ஒரு தடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தான். விரல் நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"ஏனப்பா என்னை உடனை கூப்பிடேல்லை?" என்றான் சின்னப் பிள்ளை போல.

"கூப்பிட்டிருந்தா நம்பியிருப்பீங்களோ?"

தடங்கள் ஆற்றைக் குறுக்கே வெட்டி அக்கரைக்குப் போயிருந்தன. அக்கரை லவால். அங்கேதான் கஜீவனின் தமையன் வீடு. விறைத்த விரலால் அப்போதே அழைத்தான்.

"அருமைராசா அண்ணை, ஒண்டும் கேளாதேங்கோ. யன்னலாலை பின்வளவைப் பாருங்கோ. இல்லை, குடிக்கேல்லை! இந்தாங்கோ, சஜிதா கண்டவள், அவளோடை கதையுங்கோ!"

சஜிதா போனைப் பறித்து முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.