ஆறாவது பெயருக்குத் தலையாட்டினார்

காரைக்குடியில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். ஊசி குத்துவது என் வேலையில் பாதிதான். மீதிப் பாதி, பெயர் கூப்பிடுவது. ஊசி வலித்தது என்று இதுவரை யாரும் பெரிதாகக் குறை சொன்னதில்லை. பெயர் விஷயத்தில்தான் எனக்கு இன்றுவரை குழப்பம் தீரவில்லை.

காலை ஆறரை மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெயரைச் சொன்னால் மூன்று பேர் எழுந்திருப்பார்கள். இன்னொரு பெயரை நான்கு தடவை கூப்பிட்டாலும் ஒருவரும் அசைய மாட்டார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் என் எதிரிலேயே உட்கார்ந்து ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "உங்களத்தாம்மா கூப்பிட்டேன்" என்றால், "அது ஆதார் கார்டுல இருக்க பேருல்ல? என்னைய யாரு அப்படிக் கூப்பிடுறாக?" என்று என்னிடமே கேட்பார். வேறு சிலர் யார் பெயரைச் சொன்னாலும் எழுந்து வந்துவிடுவார்கள். ஒருமுறை ஒரு பெண்ணின் பெயரைக் கூப்பிட்டேன். மீசை வைத்த ஒருவர் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார். பஞ்சால் துடைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கேட்டதற்கு, "பசிக்குதும்மா, யாரு பேர்லயாவது எடுத்து விடுங்க" என்றார்.

அவர்களுக்கும் என் பெயர் தெரியாது. நான் ஊசிக்காரம்மா.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் மத்தியானம், நாச்சியாபுரத்திலிருந்து ஒரு அம்மா ரிப்போர்ட் வாங்க வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பணம் கட்டிய ரசீதைக் கேட்டேன். சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிட்டதாகச் சொன்னார்.

"சரிம்மா, யாரு பேர்ல ரிப்போர்ட்டு?"

"எங்க வீட்டுக்காரரு."

"அவரு பேரு?"

"காலையில வந்தாகல்ல, உசரமா. அவுகதான்."

காலையில் முப்பது பேர் வந்திருந்தார்கள். அதில் பத்துப் பேராவது உயரம். பெயர் சொன்னால்தான் எடுக்க முடியும் என்றேன். அவர் தரையைப் பார்த்தார். கணவர் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லாதவர் என்று அப்போதுதான் புரிந்தது. ரேஷன் கடையில் எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

"சாமி பேருதானத்தா" என்றார்.

"எந்தச் சாமிம்மா?"

வலது கையை உயர்த்தி வேல் பிடிப்பது போல் காட்டினார். அந்தச் சாமிக்கு இந்தப் பக்கம் எத்தனை பெயர் என்று சொல்லி மாளாது. பெஞ்சில் காத்திருந்தவர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மா இல்லை என்று தலையை அசைத்தார். ஆறாவது பெயரைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சொன்னார். அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார், ஆமாம் என்று தலையாட்டினார். பெஞ்சே கை தட்டாத குறை. எனக்கும் எதையோ சாதித்துவிட்ட சந்தோஷம். அந்தப் பெயர் எழுதிய கவரை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கள் ஊரில் நிறையப் பேர் தங்களைத்தான் சொல்கிறேன் என்று சண்டைக்கு வருவார்கள்.

அன்று சாயங்காலம் கோட்டையூர்க்காரர் ஒருவர் வந்தார். பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பெயரை அவரே கணீரென்று சொன்னார். அதே பெயரில் இன்னொரு கவர் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். இதே பெயரை மத்தியானம்தானே கேட்டோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரே பெயர் ஒரு நாளில் இரண்டு தடவை வருவது எங்களுக்குப் புதிதல்ல.

ஒரு மாதம் கழித்துக் கோட்டையூர்க்காரர் மறுபடி ரத்தம் கொடுக்க வந்தார். ஆள் இளைத்திருந்தார். போன தடவை வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்று அறுபது இருந்ததாம். டாக்டர், மாத்திரைக்கு முன்னால் ஒரு மாதம் சாப்பாட்டைக் குறைத்து நடந்து பாருங்கள் என்றாராம். இவர் பாகற்காய்ச் சாறு குடித்தார், வெந்தயத் தண்ணீர் குடித்தார், கோட்டையூரிலிருந்து காரைக்குடிக்குப் பஸ் ஏறாமல் நடந்தார். இப்போது எவ்வளவு என்று பார்த்தால் எண்பத்தெட்டு.

ரிப்போர்ட்டை அங்கேயே நின்று உரக்கப் படித்தார். பெஞ்சில் இருந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பாகற்காயை விதையோடு அரைக்க வேண்டுமா, விதை இல்லாமலா என்று ஒருவர் பேனாவை எடுத்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து வருகிறவர்கள் என்னிடமே கேட்டார்கள்: "கோட்டையூரு அண்ணன் சொன்னாகளே, ஒரே மாசத்துல சுத்தமாப் போயிருமாம்ல?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாப்பாடும் நடையும் சர்க்கரையைக் குறைக்கும்தான். ஆனால் இத்தனை சுத்தமாகவா? மெஷின்மீது சந்தேகம் வந்து, அளவு தெரிந்த சாம்பிளை வைத்து இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். மெஷின் சரியாகத்தான் இருந்தது. சரி, மனித உடம்பில் நமக்குத் தெரியாதது எவ்வளவோ என்று விட்டுவிட்டேன். வீட்டில் என் கணவருக்கும் இரண்டு நாள் பாகற்காய் அரைத்துக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து நாச்சியாபுரத்து அம்மா வந்தார். இந்த முறை கணவரையும் கூட்டி வந்திருந்தார். உயரமான மனிதர், சோர்ந்து போயிருந்தார். தாகம் அடங்கவில்லை, நடந்தால் அசதி என்றார். ரத்தம் எடுத்தேன். இருநூற்று இருபது வந்தது.

அவர் நம்பவில்லை. "போன மாசம் நீதானத்தா தொண்ணூத்திரண்டுன்னு குடுத்த? அதப் பாத்துட்டுத்தான் ரெண்டு கல்யாண வீட்டுல பாயசத்த மறுவாட்டி வாங்கிக் குடிச்சேன்."

கம்ப்யூட்டரில் அவர் பெயரைத் தட்டினேன். ஒரே தேதியில் இரண்டு வரி வந்தது. ஒரே பெயர், ஒரே இனிஷியல். ஒருவருக்கு வயது ஐம்பத்தெட்டு, இன்னொருவருக்கு ஐம்பத்தொன்பது. தொண்ணூற்றிரண்டு ஐம்பத்தெட்டுக்காரருடையது. நூற்று அறுபது, என் முன்னால் உட்கார்ந்திருந்த ஐம்பத்தொன்பதுக்காரருடையது.

"அண்ணே, தப்பு என்னோடது. கவரை மாத்திக் குடுத்துட்டேன். அதுல வயசு அம்பத்தெட்டுன்னு போட்டிருந்திருக்குமே, பாக்கலையா?"

"பாத்தேன். ஒரு வயசு கொறச்சுப் போட்டிருந்துச்சு. நல்லதுதானேன்னு விட்டுட்டேன்."

கத்துவார் என்று நினைத்தேன். அவர் வேறு ஒன்றைக் கேட்டார். "அப்ப அந்தத் தொண்ணூத்திரண்டு யாரோடது?"

ஒருவர் ரிப்போர்ட்டை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. ஆனால் கவரையே தூக்கிக் கொடுத்தவள் இதற்குமேல் எதை மறைப்பது? கோட்டையூரில் இதே பெயரில் ஒருவர் என்று மட்டும் சொன்னேன். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கோட்டையூரா? டிப்போவுல இருந்தானே, அவனா?"

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதுவே போதுமானதாக இருந்தது. "எங்க சித்தப்பா மகன்" என்றார். "எங்க அப்பாவப் பெத்த அய்யா பேரத்தான் எனக்கும் வச்சாக, அவனுக்கும் வச்சாக. மாமனாரு பேர எங்க அம்மாவும் சின்னம்மாவும் சொல்ல மாட்டாக. அதுனால வீட்டுல நான் ராசா, அவன் தொரை."

அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்றும் அப்போதுதான் தெரிந்தது. காரணத்தை மனைவி சொன்னார். சொந்தத்தில் ஒரு கல்யாணம். பத்திரிகையில் பங்காளிகள் பெயர் வரிசையில் அந்தப் பெயரை ஒரே ஒரு தடவைதான் அச்சடித்திருந்தார்கள். அது அவன் பெயர், என் பெயரை விட்டுவிட்டார்கள் என்று இவருக்குக் கோபம். அது இவர் பெயர், என் பெயரை விட்டுவிட்டார்கள் என்று அவருக்குக் கோபம். கோபப்பட வேண்டியது பத்திரிகை அடித்தவரிடம் அல்லவா? இவர்கள் ஏன் ஒருவரோடு ஒருவர் பேச்சை நிறுத்தினார்கள் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

"அவன் ரிப்போர்ட்டயா நான் ஒரு மாசமாச் சாமி படத்துக்குப் பின்னாடி வச்சிருந்தேன்?" என்றார் நாச்சியாபுரத்துக்காரர். தன் சர்க்கரை ஒரு மாதம் கவனிக்கப்படாமல் போனதைவிட அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அவரை அப்போதே டாக்டரிடம் அழைத்துப் போய் நடந்ததைச் சொன்னேன். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அவருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

லேப் முதலாளி, கோட்டையூருக்கு நேரில் போய்ச் சொல்லும்படி சொன்னார். ஸ்கூட்டியில் போனேன். வீட்டு முற்றத்தில் பாகற்கொடிக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார் கோட்டையூர்க்காரர். அவர் மனைவி எனக்குச் சர்க்கரை போட்ட காப்பியும் அவருக்குப் போடாத காப்பியும் கொண்டு வந்தார். அதே பெயர்க்காரர் ஒருவரோடு கவர் மாறிப்போன விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப எனக்குச் சுகரே இல்லையா?"

"இல்லண்ணே."

"காலு மரத்துப் போச்சேம்மா?"

"அது என்னன்னு டாக்டர்ட்டத்தான் கேக்கணும்ணே."

"ராத்திரி நாலு தடவ எந்திரிச்சேனே?"

"செம்பு செம்பா வெந்தயத் தண்ணி குடிச்சா எந்திரிக்காம என்ன செய்வீக?" என்றார் மனைவி.

அவர் சந்தோஷப்படுவார் என்றுதான் போனேன். வியாதி இல்லை என்று கேட்டு முகம் வாடியவரை அன்றுதான் பார்த்தேன். மன்னிப்புக் கேட்பதா, ஆறுதல் சொல்வதா என்று தெரியாமல் காப்பியைக் குடித்து முடித்தேன். கிளம்பும்போது வாசல்வரை வந்தவர், "அப்ப அந்த நூத்தி அறுவது?" என்று கேட்டார். நான் ஸ்கூட்டிச் சாவியைத் தேடினேன். அவரே யோசித்தார்.

"தொரைங்கிற பேரு வீட்டோட போச்சு. வெளிய என் பேருல, என் இனிஷியல்ல இன்னொருத்தன்னா... ராசாவா?"

நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

"அவன் காப்பிக்கு நாலு கரண்டி சீனி போடுவானே" என்றார். குரல் இறங்கியிருந்தது.

அடுத்த மாதம் நாச்சியாபுரத்துக்காரர் பரிசோதனைக்கு வந்த அன்று கோட்டையூர்க்காரரும் வந்திருந்தார். யார் யாருக்குப் போன் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெயரைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் எழுந்தார்கள். "நாச்சியாபுரம் மட்டும்" என்றேன். கோட்டையூர்க்காரர் உட்காரவில்லை. "நானும் பொறந்தது நாச்சியாபுரம்தாம்மா" என்றார்.

அவர்கள் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. எல்லாம் என் வழியாகத்தான் போய் வந்தது.

"ஊசிக்காரம்மா, காப்பிய நிப்பாட்டச் சொல்லுங்க அவன."

"சுகரே வராதவன் எனக்கு என்னத்தச் சொல்றதுன்னு கேளுத்தா."

"ஒரு மாசம் நான் பத்தியம் இருந்தது யாருக்காகன்னு கேளுங்க."

நாச்சியாபுரத்துக்காரர் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு என் பக்கம் நீட்டினார். அவர்கள் சமாதானம் ஆகிவிட்டார்களா, சண்டை வேறு மாதிரி தொடர்கிறதா என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாச்சியாபுரத்துக்காரருக்குச் சர்க்கரை குறைந்திருந்தது. இருவரும் ஒரே டவுன் பஸ்ஸில் ஏறிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த பஸ் கோட்டையூர் போவது. நாச்சியாபுரத்துக்காரர் ஏன் அதில் ஏறினார் என்று கேட்க ஆள் இல்லை.

இப்போது எங்கள் லேபில் அப்பா பெயர், போன் நம்பர், வயது எல்லாம் கேட்டுச் சரிபார்த்துத்தான் கவரைக் கொடுக்கிறோம். கோட்டையூர்க்காரர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தனக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லி வருகிறார். போன வாரம் வந்தவர், பெஞ்சில் இருந்த ஒருவருக்குப் பாகற்காய் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆள் மாத்திரையை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"மாத்திரைய நிப்பாட்டாதீக" என்று அவரிடம் சொல்லிவிட்டு, கோட்டையூர்க்காரரிடம் திரும்பினேன். "அண்ணே, உங்களுக்குத்தான் சுகர் வரவே இல்லையே?"

"வந்துச்சுன்னு யாரு சொன்னா?" என்றார் அவர், கொஞ்சமும் அசராமல். "எப்படி வராமப் போச்சுன்னுதானே சொல்லிக்கிட்டிருக்கேன்."