ஏழாவது வித்தியாசம்

குழந்தைகள் பக்கத்துக்குப் படப்புதிர் தயாரிப்பவனுக்குச் சட்டம் ஒன்றுதான்: ஆறு வித்தியாசம் என்று போட்டால் ஆறு இருக்க வேண்டும். ஐந்து இருந்தால் வீடுகளில் அழுகை. ஏழு இருந்தால் அலுவலகத்தில் தபால் குவியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசி வித்தியாசம் அகப்படாமல், தட்டில் தோசை காய்வதையும் மறந்து, பேப்பரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த அனைவரும் என் இனம். இதை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் அச்சகத்தின் மாடியில் எங்கள் அலுவலகம். வார இணைப்பில் ஒரு பக்கம் என்னுடையது. நான் கற்பனை செய்து எழுதியது எங்கேயாவது நிஜமாக நடந்துவிட்டதாக வருடத்துக்கு நான்கைந்து பேராவது சொல்லுவார்கள். சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். ஆவடியிலிருந்து ஒரு பெண், தன் அப்பா வீடு திரும்பாததற்கு என் படம்தான் காரணமா என்று கேட்கும்வரை.

மூன்றாவது எருமை

அவளுக்கு முன்னால் வந்தவரைச் சொல்லிவிடுகிறேன். ஐயப்பன்தாங்கலிலிருந்து நான் ஸ்கூட்டரில் வேலைக்கு வரும் வழியில் நூம்பல் இருக்கிறது. புதிருக்கு ஓர் ஊர் தேவைப்பட்டது. 'நூம்பல் வரதனின் மூன்று எருமைகளில் ஒன்றைக் காணோம். எங்கே?' என்று போட்டேன். விடை வழக்கம்போலப் பக்கத்தின் அடியில் தலைகீழாக: 'குளத்துக்குள், ஆகாயத்தாமரைக்குப் பின்னால்.'

செவ்வாய்க்கிழமை ஒருவர் மாடியேறி வந்தார். பெயர் வரதன். ஊர் நூம்பல். எருமைகள் மூன்று. சனிக்கிழமையிலிருந்து ஒன்றைக் காணவில்லை. டீக்கடையில் யாரோ பேப்பரைக் காட்டிக் கிண்டல் செய்ய, மனிதர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டு நேராகக் குளத்துக்குப் போயிருக்கிறார். ஆகாயத்தாமரைக்கு மேலே இரண்டு கொம்பு.

நான் பொறுமையாக விளக்கினேன். அந்தப் பக்கம் வரதன் என்ற பெயர் தெருவுக்கு ஒன்று உண்டு. வெயில் காலத்தில் எருமை தண்ணீரை விட்டு வேறெங்கே போகும். நான் வேறு எந்த விடையை எழுதியிருக்க முடியும் என்று. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அதெல்லாம் கரீட்டு நைனா. அடுத்த தபா அது எங்க போவும்னு இப்பவே சொல்லிட்டின்னா, பேப்பர் வர்ற வரைக்கும் நான் காத்துகினு கீற வேலை இல்ல பாரு!"

காணாமல் போனவர்

அடுத்த மாதம் அந்தக் கடிதம் வந்தது. சஞ்சனா, ஏழாம் வகுப்பு, ஆவடி. கோடு போட்ட தாளில் அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. அதற்கு முந்தைய வாரத்துப் படத்தில் ஒரு வீடு, மதில்மேல் பூனை, கொடியில் துணி, கேட் அருகே பெட்டியுடன் ஒருவர். பூனையின் வால், சட்டையின் பை என்று ஆறு மாற்றங்கள் செய்திருந்தோம்.

'நீங்கள் ஆறு என்று போட்டீர்கள். ஏழு இருக்கிறது. முதல் படத்தில் கேட் பக்கத்தில் நிற்கும் அப்பா இரண்டாவது படத்தில் இல்லை. விடையிலும் அவர் இல்லை' என்று எழுதியிருந்தாள். எடுத்துப் பார்த்தேன். உண்மை. படத்தில் இருப்பவரை நாங்கள் எங்கும் அப்பா என்று சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள். அவளுடைய அப்பா துணை ராணுவப் படையில் இருக்கிறார், வடக்கே எல்லைப் பக்கம். பதினொரு மாதமாக வீட்டுக்கு வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வருவதாக இருந்தது. அன்று காலை விமானம் ஏறப் பெட்டி கட்டிய பிறகு லீவு ரத்தாகிவிட்டது.

கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளை நான் அன்று எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது: 'அவரை எடுத்தது நீங்களா அங்கிள்? இல்லை, உங்களுக்கே தெரியாமல் வேறு யாராவது எடுத்துவிட்டார்களா?'

தனபாலின் வாக்குமூலம்

எங்கள் ஓவியர் தனபால் அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு தெருவையே வரைந்துவிடும் கை. இப்போது காகிதம் இல்லை, திரையில்தான் வரைகிறார். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைப்பதுபோல் வீடு ஒரு தாளில், மரம் ஒரு தாளில், ஆள் ஒரு தாளில். எந்தத் தாளையும் தனியாக மறைக்கலாம், மறுபடி காட்டலாம். பூனையின் வாலைத் திருத்துவதற்கு இடைஞ்சலாக இருந்ததால் அந்த ஆளைக் கொஞ்ச நேரம் மறைத்திருக்கிறார். பிறகு காட்ட மறந்துவிட்டார். மூன்று தடவை சரிபார்த்த நானும் கவனிக்கவில்லை.

கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அய்ய, இன்னா சார் இது..." என்றார். திரையில் அந்தப் படத்தைத் திறந்தார். பிறகு சொன்னார்: "இந்தாளு எங்கயும் போவல சார். அங்கயேதான் கீறாரு. நாந்தான் மறைச்சி வெச்சிகினு கீறேன்."

மூன்று வாரக் கணக்கு

கடிதத்தில் அவள் அம்மாவின் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். "அவர் வர்றதா இருந்த அன்னிக்குக் காலையிலேயே கேட்டைத் திறந்து வெச்சிட்டு உட்கார்ந்திருந்தா சார். போன் வந்ததும் அவளே போய்ச் சாத்தினா. அதிலிருந்து ஸ்கூலுக்குக்கூடப் பின்வாசல் வழியாத்தான் போறா" என்றார் அந்த அம்மா.  அடுத்த வாரம் ஆளை வரைந்துவிடுகிறோம் என்று சொல்லி, அவள் அப்பா வராமல் போனால் நான் பொய்யன். வரையாவிட்டால், அவரைத் திருப்பித் தராதவன்.

சரி, உண்மையையே சொல்வோம் என்று சஞ்சனாவிடம் பேசினேன். எங்கள் பக்கம் மூன்று வாரம் முன்பே தயாராகிவிடும். அந்தப் படத்தை முடித்தபோது உன் அப்பாவின் லீவு ரத்தாகவே இல்லை. இரண்டும் ஒரே நாளில் வந்தது தற்செயல் என்று. வலுவான வாதம் என்றுதான் நினைத்திருந்தேன்.  மறுமுனையிலிருந்து அவள் குரல்: "அப்பாவுக்கே தெரியறதுக்கு மூணு வாரம் முன்னாடி உங்க படத்துக்குத் தெரிஞ்சிருக்குன்னா, அது இன்னும் பெரிய விஷயம் இல்லையா அங்கிள்?"

கீழ் வீட்டு பிரசன்னா

எங்கள் குடியிருப்பில் கீழ் வீட்டுப் பையன் பிரசன்னா. தூத்துக்குடிக்காரர். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது அவர் வேலை, அதனால் என் தொழிலுக்கு ஒன்றுவிட்ட உறவு. காலையில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் வரதனின் எருமையையும் கடிதத்தையும் தனபாலின் கண்ணாடித் தாள்களையும் பற்றிச் சொன்னேன். துணியைக் கீழே போட்டுவிட்டார். "அண்ணாச்சி, உலகமே இப்படித்தான்னு நெறைய பேரு சொல்லுதாங்க! இது ஒரு பெரிய கம்ப்யூட்டர் ஆட்டம், நாமல்லாம் அதுக்குள்ள இருக்கோம். ஒரே பேரு, ஒரே எருமை திரும்ப வருதுன்னா, எழுதினவன் பழசையே எடுத்து ஒட்டியிருக்கான்னு அர்த்தம்."

தனபாலும் அதையேதான் செய்வார். எங்கள் பக்கத்தில் வரும் போஸ்ட்மேன், டாக்டர், போலீஸ்காரர் மூவருக்கும் ஒரே மூக்கு. "அப்படியென்றால் அதை எப்படிச் சோதிப்பது?" என்று கேட்டேன். பிரசன்னா யோசித்தார். பஸ் டெப்போவுக்கு மேலே சூரியன் வந்துகொண்டிருந்தது. அதைக் காட்டினார். "நாங்க ஒரு பட்டனைச் சரி பண்ணினா மூணு பட்டன் வேலை செய்யாது. இது ஒரு நாள்கூட நின்னதில்ல. எழுதினவன் யாரா வேணா இருக்கட்டும் அண்ணாச்சி, அவன் டீம்ல எனக்கு ஒரு வேலை கெடச்சாப் போதும்!"

இருபத்தாறு படங்கள்

சோதிக்கும் வழி எனக்கும் பிரசன்னாவுக்கும் தெரியவில்லை. சஞ்சனாவுக்குத் தெரிந்திருந்தது. பத்து நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். எங்கள் படங்களை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டிவைக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. மொத்தம் இருபத்தாறு. ஒவ்வொரு படத்துக்கும் எதிரே, அந்த வாரம் தன் வீட்டிலோ தெருவிலோ அது நடந்ததா இல்லையா என்று எழுதியிருக்கிறாள். யானை வந்ததா? இல்லை. மழையில் குடை பறந்ததா? இல்லை. தெருவில் நாய்க்குட்டி பிறந்ததா? ஆம்; ஆனால் அது ஆவடியில் எல்லா வாரமும் நடக்கும் என்பதால் பாதி மதிப்பெண்.

"நடந்தது ரெண்டரைதான் அங்கிள். நடக்காததை நான் இத்தனை நாள் எண்ணவே இல்ல" என்றாள். முப்பது வருடமாகக் கணக்குப் புதிர் போடுகிறவன் நான். தற்செயலைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. பெருமூச்சு விட்டேன். சீக்கிரம் விட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவள் முடிக்கவில்லை. "நீங்க உலகத்த நடத்தல, அது தெரிஞ்சுபோச்சு. ஆனா திருத்தம் போடுங்க அங்கிள். தப்பு தப்புதானே?"

கேட்

போட்டேன். ஒரு சிரிப்புத் துணுக்கைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில்: 'வித்தியாசங்கள் படத்தில் கேட் அருகே பெட்டியுடன் நிற்பவர் இரண்டாவது படத்திலும் இருக்கிறார். எங்கள் கவனக்குறைவால் மறைந்துவிட்டார். வருந்துகிறோம்.' பக்கத்தில் தனபால் அவரைக் கட்டைவிரல் அளவில் மறுபடி வரைந்தார். ஏன் என்று கேட்டதற்கு, இடம் காலியாக இருந்தது என்றார். காலியாக இல்லை. அது வெளியான ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சஞ்சனாவின் அழைப்புக்காகப் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். வரவில்லை. திங்கள், செவ்வாய், புதன்.  

வெள்ளிக்கிழமை ஒரு குரல் பதிவு வந்தது. "எடிட்டர் அங்கிள், அப்பா நேத்து வந்துட்டார். இருபது நாள் இருப்பார். திருத்தம் வந்தது ஞாயிற்றுக்கிழமை, அப்பா வந்தது வியாழக்கிழமை. நாலு நாள் இடிக்குது. அதனால உங்களுக்கு இதுல சம்பந்தம் இல்ல." தொடர்ந்து இரண்டு போட்டோக்கள். இரண்டிலும் அவர்கள் வீட்டு வாசல், ஒரே இடத்தில் நின்று எடுத்தவை. கீழே: 'ஆறு வித்தியாசங்கள் கண்டுபிடியுங்கள்.'

நானும் தனபாலும் தலையோடு தலை முட்டக் குனிந்தோம். இரண்டாவது போட்டோவில் அப்பா இருந்தார். தனபால் வரைந்தவர் ஒல்லி, மீசை இல்லை. இவர் நல்ல பருமன், மீசை கன்னத்தைத் தொட்டது. தனபாலுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அப்பா, பெட்டி, படியில் பூட்ஸ், மதில்மேல் தொப்பி, ஜன்னலில் அம்மா. ஐந்து. அரை மணி நேரம் போனது. டீ ஆடை கட்டியது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக விடை கேட்டு ஒரு வாசகிக்குப் போன் செய்தேன். "கேட் அங்கிள்! முதல் போட்டோல சாத்தியிருக்கு. இதுல திறந்திருக்கு" என்றாள். தனபால் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஆளயே பாத்துகினு கேட்ட வுட்டுட்டோமே சார்!"

தொழில் பயம் என்னை விடவில்லை. எங்களைப் போல அவளுக்கும் தெரியாமல் ஏழாவதாக ஒன்று நுழைந்திருக்குமோ என்று கேட்டுவைத்தேன். அவள் குரலில் கொஞ்சம் கண்டிப்பு வந்தது. "ஆறுதான் அங்கிள். அப்பாவ ரெண்டு தடவ நிக்க வெச்சு செக் பண்ணிட்டேன்."

இந்த உலகம் யாரோ ஒருவர் தாள் தாளாக வரைந்து அடுக்கியதாகவே இருக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு தடவை ஆவடியில் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும் என்பதுதான் இந்தத் தொழிலில் இருந்து நான் அவருக்குச் சொல்லக்கூடிய ஒரே யோசனை.